பெயர் எழுதாத குப்பி

பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, கொதிக்கவைத்து, கவிழ்த்து உலர்த்துவது வாரா வாரம் அவள் வேலை. வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள். சுகாதார நிலையத்தில் தண்ணீர் சோதிக்கக் கற்றுக்கொண்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. தெருவுக்கு அவள் பெயர் மறந்துபோய், குப்பியக்கா ஆகிவிட்டாள்.

குப்பிக்குள் மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, எந்த வீடு என்று எழுதி ஒட்டி, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். கழிவு கலந்திருந்தால் கறுத்துவிடும். கறுத்ததை அந்த வீட்டு அடுப்படிக்கே கொண்டுபோய்க் காட்டுவாள். எப்படிக் காய்ச்சுவது, கழிப்பறைக் குழியைக் கிணற்றிலிருந்து எத்தனை எட்டு நடந்து தள்ளித் தோண்டுவது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள்.

பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். குப்பி கறுத்த வீட்டில் பத்து நாளைக்குள் யாராவது படுத்துவிடுவதை அவர்களும் கவனித்திருந்தார்கள். "நீ எட்டிப் பாத்தாலே வயித்தால போகுது தாயே, எங்க கிணத்த விட்டுடு," என்று தையற்காரர் கும்பிட்டே சொன்னார். "பேயோட்டுறவன் வீட்டுலகூட இத்தன குப்பி இருக்காது," என்பார் அவள் கணவர்.

குப்பிகள் இருந்தது தகரக் கூரை போட்ட பின்னறை அலமாரியில். அங்கேதான் அவள் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி, படுத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன், அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போய்விட்டது. அதிலிருந்து அவள் அலமாரியைப் பார்த்தபடியே கிடந்தாள். காலடிச் சத்தம் கேட்டால் திரும்பாமலேயே பேசுவாள்.

"அக்கா, தையக்காரர் வீடு நாளைக்குக் கறுக்கும்."

"அதுக்குள்ள உனக்கு எப்படிடி தெரியும்?"

"அடியில நூல் மாதிரி ஒண்ணு எந்திரிக்குது."

சொன்னபடியே கறுத்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அந்த வாரம் மத்தியானம் குப்பிகளை எடுக்கப் போனவள் எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று. ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். பதின்மூன்றுதான். கடைசியாக நின்றது, ஒன்று உடைந்தால் ஆகட்டும் என்று அவள் கழுவி மருந்துத் தாளோடு எடுத்துவைத்திருந்த உபரிக் குப்பி. வெளியே தாள் ஒட்டியிருந்தது, எதுவும் எழுதவில்லை. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் நுழையவே இல்லை. அப்படியொரு கறுப்பை ஆறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. மூடியைத் தாண்டி அழுகிய முட்டை வாடை வந்தது.

"இது யார் வீட்டுத் தண்ணி?"

"ஊருக்கெல்லாம் எடுத்தீங்களே, நம்ம கிணத்துல என்னைக்காவது எடுத்தீங்களாக்கா?"

எடுத்ததில்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர்; வருகிறவர்கள் இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். காய்ச்சியதும் இல்லை. மழைக்கு முன்னால் தோண்டிய கழிப்பறைக் குழிக்கு இடம் காட்டியது அவளேதான்.

"குப்பிய சரியாக் கழுவியிருக்க மாட்டாங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கழுவியதும் அவள்தான்.

"குழந்தை இருந்தப்பவும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

எடுத்த நாளின் தண்ணீரைத்தான் குப்பி சொல்லும், பழசைச் சொல்லாது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யும் இல்லை.

"இருந்திருக்கும்," என்றாள். "முப்பது எட்டு தள்ளித் தோண்டணும்னு எல்லாருக்கும் சொன்னேன். இங்க பன்னண்டு எட்டுல நிறுத்திட்டேன். நடுவுல துவைக்கிற கல்லு. அத நகர்த்தச் சோம்பப்பட்டேன். நம்ம வீடுதானேன்னு விட்டுட்டேன். நாளைக்கே குழிய மூடிடறேன். தெருவுல எல்லாருக்கும் நானே சொல்றேன். ஏதாவது பேசும்மா. நாலு வார்த்த திட்டிடு."

இளையவள் எழுந்தாள். தலைமாட்டில் நிறையத் தண்ணீரோடு இருந்த செம்பை, தளும்பாமல் இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அது கிணத்துத் தண்ணியா? ஏம்மா, உன்னத்தான் கேக்குறேன். குடிக்கவா எடுத்துட்டுப் போற?"

ஒரு சொட்டும் சிந்தாமல், அவள் அறையை விட்டு வெளியே போனாள். அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.