சிஸ்டர் றெஜினா மறுத்த மாத்தண்ணீர்

செய்தி வந்தபோது நான் பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில், நான் வீட்டுவேலை செய்யும் சின்யோராவின் வீட்டில் ஏணியில் நின்று திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை அவரே எடுத்தார். கேட்டுவிட்டு, "உங்கள் கன்னியாஸ்திரி இறந்துவிட்டாராம்," என்று வானிலை சொல்வதுபோலச் சொன்னார். எந்தக் கன்னியாஸ்திரி என்று நான் கேட்கவில்லை. பலேர்மோத் தமிழருக்கென்று இருந்தவர் ஒருவர்தான். சிஸ்டர் றெஜினா பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தார், ஆகவே அதிர்ச்சி என்று சொன்னால் அது பொய். மிச்சத் திரைச்சீலைகளையும் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மன்னாரில் பிறந்தவர். இளமையிலேயே மடத்தில் சேர்ந்து, கானா நாட்டின் வடக்கே மின்சாரமோ தார் வீதியோ எட்டாத ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர். வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. மலேரியா திரும்பத் திரும்ப வந்து உடம்பை உருக்கியபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மடம் அவரை ஓய்வுக்காக இங்கே அனுப்பியது. ஓய்வு எடுத்தாரா என்று கேட்காதீர்கள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் நின்ற எவருக்கும் அந்த மெலிந்த உருவமும் அவர் இத்தாலியப் பொலிசாரை அதட்டிய விதமும் தெரியும்.

எங்கள் பங்கின் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் மரியதாஸ் அண்ணை. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் வாயிற்காவலர். ஒருமுறை அவருக்கு ஆபிரிக்காவுக்கு உதவவேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியது தோன்றியதுதான், சங்கத்து ஆட்கள் எல்லோரும் தத்தமது சின்யோராக்களிடம் பழைய உடுப்புக் கேட்டு வாங்கினோம். பங்கு மண்டபத்தின் மூலையில் கம்பளிக் கோட்டுகள் மலையாகக் குவிந்தன. அதில் நரித்தோல் கழுத்துவைத்த கோட்டு ஒன்றும் இருந்தது. சிஸ்டரை அழைத்துவந்து பெருமையோடு காட்டினோம். அவர் குனிந்து அந்த நரித்தோலைத் தடவிப் பார்த்தார்.

"அங்கை இருக்கிறவை உதைக் கேட்டவையோ?" என்றார்.

"கேக்கேல்லை சிஸ்டர். நாங்களாத்தான்..." என்று மரியதாஸ் அண்ணை இழுத்தார்.

"அந்த வெய்யிலுக்குள்ளை உதைப் போட்டால் மனிசர் அவிஞ்செல்லோ போவினம். முதல்லை என்ன வேணுமெண்டு கேப்பம் மரியதாஸ்."

சங்கத்தில் பாதிப் பேருக்கு முகம் கறுத்துவிட்டது. அதன்பிறகு கொஞ்சக் காலம் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'கேட்டவையோ சிஸ்டர்' என்றுதான் பெயர். அது அவர் காதுக்கும் எட்டியது. சிரித்தார்.

அவர் கேட்டார். கானாவில் தான் இருந்த கிராமத்துக்குப் பக்கத்து நகரத்தில் இருந்த பாதிரியாருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். பாதிரியார் போய்ச் சொல்ல, ஊர்ப் பெண்கள் கூட்டம் போட்டுப் பேசிப் பதில் அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் கையால் கட்டிய பிரசவ வீட்டின் புற்கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. சுவர் இருக்கிறது, அதைத் தாங்களே பூசிக்கொள்வார்கள். மரமும் ஆட்களும் தங்களுடையவை. தகரம் மட்டும் வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும். கூரை இல்லாவிட்டால், வலி கண்ட பெண்ணைக் கழுதை வண்டியில் ஏற்றி ஒரு பகல் தூரத்தில் உள்ள நகர ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும். மழையில் அந்தப் பாதையும் இருக்காது.

அவ்வளவு தெளிவாகக் கேட்டால் யார் மறுப்பார்கள்? தகரத்துக்குச் சங்கம் ஒத்துக்கொண்டது. நரித்தோல் கோட்டை மரியதாஸ் அண்ணையின் மனைவி எடுத்துக்கொண்டார் என்று கேள்வி.

தகரத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சாக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அதோங்கோ. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், அந்தக் கானாக் கிராமத்துக்கு அடுத்த ஊர்க்காரர், விடுமுறைக்குப் போய்த் திரும்பியிருந்தார். சாக்குக்குள் வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் கடலையும் கம்பு மாவும் இருந்தன. சிஸ்டரின் நாட்டில் யுத்தம், அவருடைய சனம் வீடு வாசலை விட்டு ஓடித் திரிகிறது என்று அந்தப் பெண்கள் பாதிரியார் மூலம் அறிந்திருக்கிறார்கள். அந்தச் சனத்துக்குத் தங்கள் பங்கு இது என்று கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் எல்லோரும் சாக்கைச் சுற்றி நின்றோம். மரியதாஸ் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

"சிஸ்டர், குறை நினையாதேங்கோ. அதுகளே சாப்பாட்டுக்கு வழியில்லாததுகள். அதுகளிட்டை வாங்கித் தின்னுறதோ? நாலு சனம் அறிஞ்சால் காறித் துப்பாதோ? பெரிய உபகாரம், நீங்களே வைச்சிருங்கோ எண்டு பக்குவமாச் சொல்லித் திருப்பி அனுப்புவம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதோங்கோவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகங்களைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இத்தாலிய மொழியில் அமைதியாகச் சொன்னார்: "இதை நீங்கள் எடுக்காவிட்டால் உங்கள் தகரத்தை அவர்கள் எடுக்கமாட்டார்கள்."

"அதென்ன வீம்பு?" என்றார் மரியதாஸ் அண்ணை.

அப்போதுதான் சிஸ்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். கானாவுக்குப் போன புதிதில் நடந்தது. அந்த ஊரில் வீட்டுக்கு வருபவருக்கு முதலில் கம்பு மாவு கரைத்த தண்ணீரைச் சுரைக்குடுவையில் கொடுப்பார்கள். குடித்தபிறகுதான் மற்றக் கதை எல்லாம்.

"நான் மன்னாராள் எல்லே. எடுத்தவுடனை வாங்கிக் குடிச்சால் அலைஞ்ச பண்டம் எண்டு நினைப்பினம் எண்டு, 'வேண்டாம், வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்' எண்டு சொன்னன். எங்கடை ஊரிலை வேண்டாம் எண்டால் விடுவினமோ? கையைப் பிடிச்சு வைச்சுத் திணிப்பினம். அங்கை அப்பிடியில்லை. குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளை போட்டினம். போன வீடெல்லாம் இதே கூத்து. நானும், பாவங்கள், மிச்சம் பிடிக்குதுகள் எண்டு நினைச்சுக்கொண்டு வந்திட்டன்."

எல்லோரும் சிரித்தோம். எங்களில் யார் முதல்தரம் கேட்டவுடன் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம்?

"பிறகு பிரசவ வீட்டுக்குக் கல்லு அடுக்க நாள் குறிச்சம். ஒரு குருவியும் வரேல்லை. அடுத்த நாளும் வரேல்லை. எங்கடை தண்ணியைக் குடியாதவள் எங்கடை சனத்தை வேண்டாம் எண்டவள், அவளின்ரை வீடு எங்களுக்கு எதுக்கு எண்டு விட்டிட்டினம். எனக்கு அது விளங்கவே ஒரு மழைக்காலம் போட்டுது. அந்த மழைக்குள்ளைதான் ஒரு பிள்ளைத்தாச்சியை வண்டிலிலை ஏத்திக்கொண்டு..."

சிஸ்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் நிறுத்திக்கொண்டோம். பிறகு அவர் மரியதாஸ் அண்ணையை நேராகப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை நான் அப்படியே தருகிறேன்: "இல்லாதவன் தாறதை நீங்கள் வாங்காட்டி, உனக்குக் கை ஏந்த மட்டும்தான் தெரியும் எண்டு அவனுக்குச் சொல்லிறியள். ஆர் அந்தக் கூரைக்குக் கீழை வந்து பிள்ளை பெறுவினம்?"

"அப்ப இடம்பெயர்ந்த சனத்துக்கெண்டு தந்ததை நாங்கள் தின்னலாமோ சிஸ்டர்?" என்று நான் கேட்டேன். யுத்தத்துக்குள் எங்கள் ஊருக்கு அனுப்ப அப்போது வழி எதுவும் இருக்கவில்லை.

"நீங்கள் இஞ்சை என்ன சுற்றுலாவோ வந்தனியள்?" என்றார்.

அந்தக் கேள்வி சுட்டது. இந்த நகரத்தில் எங்களை வேலைக்காரர் என்றார்கள், வெளிநாட்டார் என்றார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வீடிழந்த சனம் என்று எங்களைக் கண்டுகொண்டு, வேலை எதையும் வாங்காமல் சாப்பாடு அனுப்பிய முதல் ஆட்கள் அந்தப் பெண்கள்தான்.

மரியதாஸ் அண்ணை சாக்கின் வாயை விரித்து மாவை விரலில் தொட்டு மணந்து பார்த்தார். "உதை எப்பிடிக் கரைக்கிறது எண்டு அவரைக் கேளுங்கோ," என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் அதைக் குடித்தோம். அதோங்கோ கரைத்தார், இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது. "சீனி போட்டால் இன்னும் திறம்," என்றார் மரியதாஸ் அண்ணை, குடித்துவிட்டுத்தான் சொன்னார். குடித்துவிட்டோம் என்று சிஸ்டர் பாதிரியாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். தகரம் போய்ச் சேர்ந்தது, மழைக்கு முன்னால் கூரை ஏறியது. ஏற்றியவர்கள் அவர்கள், ஆகவே எங்கள் பெயரை அங்கே எங்கும் எழுதவில்லை. பெயர்ப்பலகை பற்றி எங்களில் ஒருவர் விசாரித்தது உண்மை. யார் என்று சொல்லமாட்டேன்.

சிஸ்டரின் அடக்கம் ஒரு வேலைநாளில், காலையில் நடந்தது. இத்தாலியக் கன்னியாஸ்திரிகள் அழகாகப் பாடினார்கள். யாரும் குரல் எடுத்து அழவில்லை, மடத்து ஒழுங்கு அப்படி. நாங்கள் சின்யோராக்களிடம் அரைநாள் கேட்டு வந்தவர்கள். பெட்டியை இறக்கி மண் போட்டதும் ஆளுக்கொரு பேருந்தைப் பிடித்து ஓடினோம். மத்தியானம் நான் கழுவிய திரைச்சீலைகளை மாட்டினேன்.

அந்த வார இறுதியில் அதோங்கோ மண்டபத்துக்கு வந்தார். பாதிரியார் மூலம் அந்தக் கானாக் கிராமத்துக்குச் சிஸ்டரின் மரணச் செய்தி போய்ப் பதிலும் வந்திருக்கிறது. பெண்கள் கூடி ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: சிஸ்டரின் சனத்துக்கு இப்போது என்ன வேண்டும்?

"ஒண்டும் வேண்டாம் எண்டு..." என்று தொடங்கிய மரியதாஸ் அண்ணை பாதியில் நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, இத்தாலிய மொழியில் சொல்லும்படி சொன்னார்.

"இஞ்சை எங்களுக்கு அழ நேரம் கிடைக்கேல்லை. அவையை எங்களுக்காக ஒருக்கா வாய்விட்டு அழச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அதோங்கோ ஏன் என்று கேட்கவில்லை, தலையசைத்துவிட்டுப் போனார். அழுதார்கள் என்று பிறகு தகவல் வந்தது. அந்தப் பிரசவ வீட்டு முற்றத்தில் ஊர் முழுவதும் கூடி, பொழுது சாயும்வரை அழுதார்களாம்.

சிஸ்டர் றெஜினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: எனக்கு வேண்டியதை வெட்கமில்லாமல் கேட்கிறேன்.