சாம்பல் அன்னத்தின் கயிறு

ஆர்லன் க்வாம் அமெரிக்காவில் பெரிய ஏரியொன்றின் கரையிலுள்ள துலூத் துறைமுகத்தின் தூக்குப் பாலத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். இரும்புத்தாது ஏற்ற வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் பாலத்தை உயர்த்திவிட்டு, கப்பலின் பெயரையும் நேரத்தையும் எழுதிவைப்பார். ஓய்வு பெற்ற பிறகும் எழுதுவது நிற்கவில்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நடந்த விளையாட்டுக்கும் அவர்தான் கணக்கர், கதைசொல்லி, நடுவர் எல்லாம்.

அந்த விளையாட்டு ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தது. பெயர் ‘சாம்பல் அன்னம்’. 1983இல் பதின்மூன்று வாரம் ஓடி, பாதியில் நின்றுபோனது. ஒட்டுப்போட்ட ஒரு வானக்கப்பலில் ஊர் ஊராகப் போய், புதையலிலும் கொள்ளையரிடமும் எரிமலையிலும் மாட்டிக்கொள்ளும் ஐந்து பேரின் கதை. ஆர்லன் மடியில் நோட்டும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாக உட்கார்ந்து பார்த்தார். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை, விளம்பரம் வருவதற்குச் சற்று முன், யாராவது ஒருவர் சாவின் விளிம்பில் நிற்பார். ஐந்து வாரங்களில், ஐந்து வெவ்வேறு நாடுகளில், வாய் பிளந்தது ஒரே முதலை. எல்லாரும் காட்டுக்குள் போகும்போது ஒருவர் மட்டும் கப்பலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்தங்குவார்.

இன்னொன்றையும் கவனித்துச் சிவப்பு மையில் குறித்திருந்தார். ஒரு வாரம் கதாநாயகி படகோடு அருவியில் விழுந்து நொறுங்குவதைக் காட்டினார்கள். மறுவாரம் ‘சென்ற வாரம்’ என்று அதையே திரும்பக் காட்டியபோது, அவள் முன்கூட்டியே கரைக்குக் குதித்திருந்தாள். பதின்மூன்றில் நான்கு முறை இப்படி நடந்தது. நான்குக்கும் பக்கத்தில் ‘ஏமாற்று’ என்று எழுதினார்.

தொடர் நின்றதும் மீதிக் கதையை நாமே நடத்துவோம் என்று 1984 அக்டோபர் 6ஆம் தேதி நான்கு நண்பர்களைக் கூப்பிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டிய மார்லிஸ், கறிக்கடை ஜீன் பவ்லக், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளைப் பழுதுபார்க்கும் வெர்லின் ஹோல்ட், அவர் மனைவி லாவோன். ஆர்லன் கதையைச் சொல்லிப்போவார். ஆளுக்கொரு பாத்திரமாக மற்றவர்கள் அதற்குள் நடப்பார்கள். பாத்திரத்தின் பலம், திறமை எல்லாவற்றையும் எண்ணாக ஆளுக்கொரு தாளில் தம் கையாலேயே எழுதிவைத்திருப்பார்கள். தப்பிப்பார்களா மாட்டார்களா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். எல்லாரும் பார்க்க மேசை நடுவில்தான் உருட்ட வேண்டும். மேசையில் நடக்காத எதுவும் நோட்டில் ஏறாது.

தொடரில் இருந்த கயிறும் விளையாட்டுக்குள் வந்தது. வர முடியாதவரின் பாத்திரம் அன்று வானக்கப்பலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆர்லன் ‘ஜீன் – கயிறு’ என்று எழுதுவார். நாளடைவில் அவர்கள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. பல் வைத்தியரிடம் போக வேண்டுமா, “சனிக்கிழமை நான் கயிறு பிடிக்கிறேன்” என்பார்கள். முதலையும் வந்தது. எந்த ஆற்றில் இறங்கினாலும் அதே முதலைதான். ஜீன் அதைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்.

2013 ஜனவரி 12, 611ஆவது அமர்வு. வெர்லினின் பாத்திரமான விமானி பாக்ஸ்டர் பாறை உச்சியில் ஒற்றை ஆளாகக் கயிற்றைப் பிடித்திருந்தான். கீழே அதே கயிற்றில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தாள் லாவோனின் ஐரிஸ், வரைபடம் வரைபவள். முடிச்சு நழுவியது. வெர்லின் பகடையைக் கையில் எடுத்தார். அப்போது மணி நாலரை, எப்போதும் ஆட்டத்தை முடிக்கும் நேரம்.

“இன்னைக்கு இவ்வளவுதான்” என்று நோட்டை மூடினார் ஆர்லன்.

“ஏன்யா, உனக்குக் கடிகாரம்தான் சாமியா?” என்றாள் மார்லிஸ். “அவ அந்தரத்துல தொங்குறா!”

“நாலரை ஆச்சு.”

“இன்னும் அஞ்சு நிமிஷம் போனா உன் பாலம் இடிஞ்சு விழுந்துருமா?”

லாவோன் கோட்டை மாட்டிக்கொண்டே சிரித்தாள். “விடு மார்லிஸ். ரெண்டு வாரம் தொங்கிட்டு வர்றேன், கைக்கு நல்ல பயிற்சி.” பிறகு கணவரைப் பார்த்து, “நீ மட்டும் தூங்கிராத” என்றாள்.

எலுமிச்சை இனிப்பு கொண்டுவந்த தட்டைக்கூட எடுக்க மறந்துபோனாள். நான்கு நாள் கழித்து வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனாள். கணையத்தில் புற்று. மார்ச் 5, செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள்.

அதன் பிறகு வெர்லின் மேசைக்கு வரவில்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் முந்தின வெள்ளிக்கிழமை ஆர்லன் தொலைபேசியில் கேட்பார்.

“நாளைக்கு வர்றியா?”

“கயிறு பிடிக்கிறேன்பா.”

முப்பது அமர்வுகள் அப்படியே எழுதப்பட்டன: ‘வெர்லின், லாவோன் – கயிறு’. விமானி இல்லாமல் கப்பல் நகராது. மார்லிஸும் ஜீனும் பதினான்கு மாதம் பாறையடியில் இருந்த ஒரே குகைக்குள் சுற்றினார்கள்.

“அந்த முதலை என்னைத் தின்னாலாவது வீட்டுக்குப் போயிருவேன்” என்றார் ஜீன்.

மார்லிஸ் நேரடியாகவே கேட்டாள். “‘ஐரிஸ் மேல ஏறி வந்துட்டா’ன்னு ஒரு வரி எழுதிட்டு அவனைக் கூட்டிட்டு வாயேன். இப்படியே விட்டா அவன் இந்தப் பக்கமே வர மாட்டான். இந்த மேசைய விட்டா அவனுக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?”

“மேசையில நடக்காதத நான் எழுதுறதில்ல.”

“கல்லு மனசுய்யா உனக்கு.”

ஆர்லன் நோட்டை மூடினார். அந்த நாலரை மணி அவரையும்தான் அரித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் விட்டிருந்தால் லாவோன் இருக்கும்போதே பகடை விழுந்திருக்கும். நல்லதோ கெட்டதோ, அவளே அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்திருப்பாள்.

2014 மே 6ஆம் தேதி லாவோன் மறந்துவிட்டுப் போன தட்டை எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

“ஏரியில ஐஸ் இன்னும் போகலயே” என்றார் வெர்லின்.

“மூணு கப்பல் மாட்டிக்கிட்டு நிக்குது.”

“மே மாசத்துல.”

“மே மாசத்துல.”

ஆர்லன் தட்டை மேசையில் வைத்தார். வெர்லின் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டிய நாடாவில் லாவோனின் கையெழுத்தில் அவள் பெயர். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் ஒட்டுவார்கள், தேவாலய விருந்தில் தட்டு மாறிவிடாமல் இருக்க. வெர்லின் கட்டைவிரலால் அதைத் தடவினார்.

“எத்தன விழணும்?” என்று கேட்டார்.

ஐரிஸ் பிழைக்கப் பகடையில் விழ வேண்டியதைக் கேட்கிறார் என்று ஆர்லனுக்குப் புரிந்தது. “பதினொன்னு. இல்ல அதுக்கு மேல.”

“பாதிக்குப் பாதி.”

“ம்.”

“வரணும்னு தோணாம இல்ல ஆர்லன். ஆனா என் கையால உருட்டி, அது அஞ்சோ ஆறோ விழுந்துச்சுன்னா…” தட்டை நிமிர்த்தி வைத்தார். “நீயா ‘அவ ஏறி வந்துட்டா’ன்னு எழுதினாலும் எனக்கு ஆறாது. உருட்டாம எழுதினா அது நடந்ததா ஆகுமா?”

வீட்டுக்கு வந்த ஆர்லன் 1983ஆம் ஆண்டு நோட்டைத் தேடி எடுத்தார். சிவப்பு மைக் குறிப்புகள் நான்கையும் இரண்டு தடவை படித்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

“பதினேழாம் தேதி வா. அவளுக்காக நீ உருட்ட வேண்டாம். உனக்காக மட்டும் உருட்டு.”

வெர்லின் வந்தார். கையில் அதே தட்டு, அதில் அவரே செய்த எலுமிச்சை இனிப்பு. ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஜீன் ஒரு துண்டைக் கடித்து, தாடையைப் பிடித்துக்கொண்டார். “இத அந்த முதலைக்குப் போடு. செத்துரும்.”

“அவ எழுதி வச்சத அப்படியேதான் செஞ்சேன்” என்றார் வெர்லின்.

“அடுப்பு ரிப்பேர்காரன் வீட்டு அடுப்பு அப்படித்தான் இருக்கும்” என்றாள் மார்லிஸ். ஆனாலும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

ஆர்லன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “சென்ற முறை. பாறை உச்சியில் கயிற்றைப் பிடித்து நிற்கிறாள் ஐரிஸ். கீழே, அதே கயிற்றில், பாக்ஸ்டர் ஏறி வருகிறான். முடிச்சு நழுவுகிறது.”

ஜீன் கையிலிருந்த இனிப்பைக் கீழே வைத்தார்.

“அப்படி இல்லையே” என்றார் வெர்லின். “மேல நின்னது நான். தொங்குனது அவ.”

“தெரியும்.”

“உன் நோட்டுலயே இருக்குமே.”

“இருக்கு. அதுல ஒரு எழுத்தும் மாத்தல.” ஆர்லன் சிவப்புப் பேனாவை எடுத்து, அன்றைய பக்கத்தின் ஓரத்தில் ‘ஏமாற்று’ என்று எழுதினார். நோட்டைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். “டிவிக்காரன் பதிமூணு வாரத்துல நாலு தடவ பண்ணான். நான் முப்பது வருசத்துல ஒரே ஒரு தடவ.”

மார்லிஸ் மூக்கைச் சிந்தினாள். வெர்லின் அந்தச் சிவப்பு எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப மேல பிடிச்சிருக்கறது லாவோன்.”

“ஆமா.”

“தொங்குறது நான்.”

“நீதான். ஏறி வர்றியா?”

வெர்லின் பகடையை எடுத்து மேசை நடுவில் உருட்டினார். அது இனிப்புத் தட்டில் மோதி நின்றது. பத்து. ஒன்று குறைவு.

ஜீன் தொப்பியைக் கழற்றினார். ஆர்லன் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் அலமாரியிலிருந்து லாவோனின் தாளை உருவினாள். “இரு, இரு. கயிறு பிடிக்கிறவங்க பலத்தையும் சேக்கணும். அது உன் விதிதானே ஆர்லன்? இல்லேன்னு மட்டும் சொல்லிப் பாரு!”

“விதிதான்” என்றார் ஆர்லன். “86ல போட்டது.”

“ஐரிஸ், பலம் ரெண்டு. அவ கையாலயே எழுதியிருக்கா.”

பத்தும் இரண்டும் பன்னிரண்டு. ஆர்லன் விரல் விட்டுக்கூட எண்ணிப் பார்த்தார். “ஐரிஸ் இழுக்கிறாள். கை எரிகிறது, விடவில்லை. பாக்ஸ்டர் உச்சிக்கு வந்து அவள் பக்கத்தில் விழுகிறான்.”

வெர்லின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கைகளுக்குள்ளிருந்தே கேட்டார்: “ஏதாச்சும் சொல்றாளா?”

ஆர்லன் யோசித்தார். “‘தூங்கிராத’ங்கிறா.”

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். “சரி. குகைக்குள்ள இருக்கிற அந்த ரெண்டு மடையங்களையும் யாராவது போய்க் கூட்டிட்டு வரணுமே. நான் இறங்குறேன். கயிற்ற அவ பிடிச்சுக்கட்டும்.”

அன்றைய பக்கத்தின் கடைசி வரிகள்:

642ஆவது அமர்வு. வந்தவர்கள்: மார்லிஸ், ஜீன், வெர்லின். லாவோன் – கயிறு. முடிந்த நேரம்: 5.20.