இருபத்தொரு தடவை நிறுத்தப்பட்ட ஓக்னியான்

ஓக்னியான் பதினாறு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். டான்யூப் கரையிலுள்ள அந்தச் சின்ன பல்கேரிய ஊரில், அவர் வேகத்தால் உயிர் பிழைத்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஆம்புலன்ஸில் போனால் போலீஸ்காரர்கள் கையசைத்து வழிவிடுவார்கள். சொந்தக் காரில் மனைவி ஸார்காவோடு போனால் அதே கைகள் ஓரங்கட்டச் சொல்லும். அவர் ரோமா இனத்தவர்; ஐரோப்பாவில் காலங்காலமாகச் சந்தேகத்தோடு ஒதுக்கப்படும் சிறுபான்மையினர். ரோமாக் குடியிருப்பிலிருந்து வெளியே வர இருப்பது ஒரே சாலை. அதன் முனையில்தான் போலீஸ் நிற்கும்.

அந்தக் கோடையில் ஒருநாள் காமென் என்ற போலீஸ்காரர் நிறுத்தினார்.

"டிக்கியத் திற."

"என்ன காரணம் சார்?"

"காரணம் வேற சொல்லணுமா உனக்கு?"

"போன வாரம் தக்காளி இருந்துச்சு, இன்னைக்குக் குடைமிளகாய்" என்றாள் ஸார்கா. "நல்லா பாத்துக்குங்க சார், மறுபடி கேப்பீங்க."

காரில் கட்டாயம் இருக்க வேண்டிய முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி ஒன்று காலாவதியாகியிருந்ததாம். அபராதம் போட்டார் காமென். ஆம்புலன்ஸ்காரனுக்கே முதலுதவிப் பாடமா என்று ஸார்கா வழியெல்லாம் சிரித்தாள். ஓக்னியானுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தலையும் நோட்டில் எழுதினார்: தேதி, நேரம், என்ன தேடினார்கள், என்ன கிடைத்தது.

கூட வேலை பார்க்கும் பெட்கோ ரோமா இல்லை. அதே மாதிரிக் காரில், அதே சாலை வழியாகத்தான் தினமும் தோட்டத்துக்குப் போய்வருவார். நோட்டைப் படித்தவர் கடைசிப் பக்கத்தில் தன் பங்குக்கு எழுதினார்: 'அஞ்சு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.'

"வெக்கமா இருக்குப்பா" என்றார். "நான் இத கவனிச்சதே இல்ல."

இலையுதிர் காலத்தில் நகர மன்றத்தில் பொதுக் கூட்டம் நடந்தது. இருவரும் சேர்ந்தே போய் நோட்டைக் கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த போலீஸ் அதிகாரி தெனெவா முழுதும் படித்துவிட்டு, அங்கிருந்த தன் போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"இருபத்தொரு தடவை நிறுத்தி என்ன கண்டுபிடிச்சீங்க?"

காமென் எழுந்தார். "ஒரு கட்டுத்துணி, மேடம்."

அரங்கமே சிரித்தது. தெனெவா சிரிக்கவில்லை. இனி யாரை நிறுத்தினாலும் காரணத்தை எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். போலீஸ்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் குளிர்காலம் வருவதற்குள் குடியிருப்புக்காரர்களை நிறுத்துவது பாதிக்கும் கீழே குறைந்தது.

ஜனவரியில் ஒரு மாலை காமென் மறுபடி கைகாட்டினார். ஸார்கா பல்லைக் கடித்தாள்.

"வணக்கம். உங்க இடது பக்க விளக்கு எரியல. அதான் நிறுத்தினேன்" என்று சீட்டை நீட்டினார் காமென். "சீக்கிரம் மாத்திடுங்க."

ஓக்னியான் இறங்கிப் பார்த்தார். உண்மைதான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரின் முகம் மலர்ந்திருந்தது.

"போலீஸ் நிறுத்தினதுக்குச் சிரிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் ஸார்கா.

"இன்னைக்குத்தான்டி காரணம் சொல்லி நிறுத்தியிருக்காங்க. நிஜமாவே விளக்கு எரியல!"