லெந்து நாட்களில் நான் போட்ட கையெழுத்து

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் பாகங்களில் மணிக்கு ஐந்தை எடுத்து, துளைக்குள் கேஜ் என்னும் அளவுக்கருவியை விட்டுப் பார்த்து, அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். மாலையில் ஆலயத்தில் எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் பற்றிய வேதபாடம். முதல் வெள்ளியன்று அதற்கு நேரமாகிவிட்டதென்று, கடைசி இரண்டு மணி நேரத்து அளவுகளை அளக்காமலே எழுதிவிட்டுக் கிளம்பினேன். அதுவரை எல்லாம் சரியாகத்தானே இருந்தது.

பத்து நாளில், வாங்கிய கம்பெனியிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. மெஷினில் துளை போடும் டூல் நகர்ந்து துளை பெரிதாகியிருந்தது. என் தாளில் அளவு சரியாக இருந்ததால், அளந்த பிறகு மெஷின் ஓட்டியவர் செட்டிங்கை மாற்றிவிட்டார் என்று முடிவு செய்தார்கள். அவர் வேப்பனப்பள்ளிக்காரர், காண்ட்ராக்ட் தொழிலாளி. ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்திப் பேசும் இடத்தில் மேனேஜர் அவரைத் திட்டி, இனி வர வேண்டாம் என்றார். “நான் எதியும் தொடல சார்” என்று மட்டும் அவர் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

அந்த வெள்ளியும் உபவாசம் இருந்தேன். டீகூடக் குடிக்கவில்லை. வேதபாடத்தில் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. “தலையைக் குனிந்து பட்டினி கிடப்பதையா நான் கேட்டேன், நீ நசுக்கியவனை விடு” என்று கடவுள் ஜனங்களைக் கண்டிக்கும் பகுதி. பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பசி மயக்கம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அக்கா தண்ணீர் கொடுத்தார். எபிரேயத்தில் மனந்திரும்புதலைக் குறிக்கும் சொல்லுக்குத் திரும்பிப் போவது என்றே பொருள் என்று போதகர் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மெஷின் ஓட்டியவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், விஷயம் வெளியே போக வேண்டாம் என்றார். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வேப்பனப்பள்ளிக்குப் போனேன். அவர் ஒரு மாந்தோப்பில் பூவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

“ரூம்ல சொன்னீங்க, சரி மேடம். என்னத் திட்டினது ரூம்ல இல்லியே” என்றார். “எங்க ஊருக்காரங்க நாலு பேரு அங்க நின்னாங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் வரேன்.”

குரலில் கோபமில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார். மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, அவர் எனக்கு மோர் கொண்டுவந்தார். அதைக் குடிப்பதற்குள் வெட்கத்தில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

திங்கள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் மேனேஜர் பேசி முடித்ததும் முன்னால் போய் நின்றேன்.

“அன்னைக்கு அந்த அளவ நான் எடுக்கவே இல்ல. எடுத்த மாதிரி எழுதிட்டேன். அந்த அண்ணன் மேல தப்பு இல்ல.”

எல்லாரும் கலைந்து மெஷின்களுக்குப் போனார்கள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் பேக்கிங்குக்கு மாற்றமும் கிடைத்தன. அவர் புதன்கிழமை வேலைக்கு வந்தார். பல மாதம் என்னோடு பேசவில்லை.

ஓராண்டு கழித்து என்னை மீண்டும் இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். முதல் நாள் பாகங்களை அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக அளந்து எழுதி முடிக்கும்வரை கைகட்டி நின்று பார்த்துவிட்டு, “சரி மேடம்” என்று போனார். அதன் பிறகும் தினம் அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை.