மாமியார் பெயரில் ஒரு கிருமி

பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறருடைய சிறுநீரைப் படித்து வருகிறார் கல்ச்சர் அக்கா. கிருமியைத் தட்டில் வளர்த்து அடையாளம் காண்பதற்கு ஆய்வகத்தில் கல்ச்சர் என்று பெயர். அதையே அக்காவுக்கும் சூட்டிவிட்டார்கள்.

லேபிள் விஷயத்தில் அவர் எமன். வயது எழுதாத புட்டி எந்தக் கொம்பனிடமிருந்து வந்தாலும் வந்த வழியே திரும்பும். "புட்டியில தப்பா எழுதுறதும் ஆளைக் கொல்றதும் ஒண்ணுதான்" என்பார்.

ஆய்வகக் கதவில் அவரே கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பு: ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள். அடக்கி வைக்காதீர்கள்.’ கதவின் வெளிப்பக்கம் ஒட்டியதால் உள்ளே இருப்பவர்களுக்கு அது பொருந்தவில்லை போலும். உள்ளே தண்ணீர் குடிக்கத் தடை. கழிப்பறைக்குப் போவதென்றால் கையுறை கழற்றி, அங்கி கழற்றி, கைகழுவி, திரும்பி வந்து மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். ஆகவே காலை எட்டு முதல் மாலை நான்கு வரை தாகத்தையும் அவசரத்தையும் வென்ற முனிவராகவே அக்கா வாழ்ந்தார். தவத்தின் பலன் ஒரு திங்கட்கிழமை எரிச்சலாக வந்து சேர்ந்தது.

சோதிக்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் தன் பெயர் ஏறினால், கதவைக் காட்டிக் காட்டி ஆய்வகமே சிரிக்கும். அக்கா புட்டியில் மாமியார் பெயரை எழுதினார். வயது எழுபத்தாறு. பொய் சொல்லும்போதும் வயதை விடவில்லை; பழக்கதோஷம்.

அந்த மாதம் பார்த்து, அறுபது தாண்டிய பெண்களின் கிருமிகளை ஆய்வகத்தின் தலைவியான டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். குடலில் பரம சாதுவாக இருக்கும் கிருமி, சிறுநீர்ப்பைக்குள் புகுந்து ரவுடித்தனம் செய்ய ஆயுதங்கள் வேண்டும். சுவரைப் பிடித்துத் தொங்க ஒரு கொக்கி. சிறுநீரகம்வரை ஏறி ஒட்ட இன்னொரு கொக்கி. இரத்த அணுவை உடைக்க நஞ்சு. நம் இரும்புச்சத்தைத் திருடக் கன்னக்கோல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. மரபணுச் சோதனையில் மாமியார் புட்டிக் கிருமியிடம் நான்கும் பளிச்சென்று ஒளிர்ந்தன.

"அக்கா, நாலும் இருக்கு! உங்க மாமியாராமே, சொல்லவே இல்லை? இந்த வயசுல கிட்னிக்கு ஏறிட்டா வம்பு. அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன். இன்னைக்கே படுக்க வெச்சு ஊசி போட்டுடலாம்."

அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஏதோ கொக்கி இருக்க வேண்டும்.

மாமியார் தலையணையோடு ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படியொரு வெற்றிக்களை. எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும் "உங்களுக்கு ஒண்ணுமில்லை அத்தை" என்று வாயடைத்த மருமகள்தானே!

"ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னியே! நாலு இருக்காம்!"

"எரிச்சல் இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

"இருக்கு. இவ கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து."

புட்டியை எப்போது கொடுத்தோம் என்ற அற்பக் கேள்விகளில் மாமியார் இறங்கவில்லை. நர்ஸ் கையைக் கட்டி நரம்பைத் தட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்தொன்பது வருட மானம் பிழைக்கும். நோயில்லாத உடம்பில் மருந்து ஏறும். அக்கா ஊசியைப் பார்த்தார். மாமியாரின் மெலிந்த கையைப் பார்த்தார்.

"நிறுத்துங்க மேடம். அந்தப் புட்டி என்னோடது."

"லேபிள்?"

"நான்தான் எழுதினேன்."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "நர்ஸம்மா, அந்தக் கட்டை அவிழ்த்து இவ கையில கட்டு!"

ஊசி தேவைப்படவில்லை, அக்காவுக்கு ஐந்து நாள் மாத்திரை. டாக்டரின் வசவு மட்டும் அரைமணி நேரம். கிருமி ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் நான்கு ஆயுதமும் வைத்திருக்கும் கிருமியைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக உறைபெட்டியில் வைத்தார்கள். அக்கா பழைய லேபிளைக் கிழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். வயது நாற்பத்தாறு. கதவு அறிவிப்பு இப்போது உள்பக்கம்.

தினமும் பதினோரு மணிக்கு ஆய்வகத் தொலைபேசி ஒலிக்கும். "போயிட்டு வந்தாளா?" என்பார் மாமியார். ஆய்வகமே ஒரே குரலில் பதில் சொல்லும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும் அவர் சொல்லும் குறை தீரவில்லை.

"என் பேர்ல இருந்ததே அந்த ஒரு வியாதிதான். அதையும் இவ தன் பேருக்கு மாத்தி எழுதிக்கிட்டா."