மஸ்கட் வண்டியில் வலது பக்கம்

எங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் வலது பக்கம் உட்கார வேண்டியவள் நான். தொண்ணூறுகளின் நடுவில், பாலைவன மணலில் பறப்பதற்கென்று செய்த ஒரு பிரம்மாண்டமான ஜப்பான் ஜீப்பில், நூல் புடவையும் டிபன் பையுமாக, டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து தினமும் பள்ளிக்கூடம் போன டீச்சர் மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பார்த்தவர்கள் எல்லாம் நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தார்கள். ஒரு நாள் சர்க்கிளில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தி, நேராக என் ஜன்னலுக்கு வந்து, "ஏனம்மா, லைசென்ஸ் தோர்ஸி" என்றார். காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? இரண்டு கைகளையும் தூக்கி, எதிரே ஸ்டியரிங்கே இல்லை என்பதைக் காட்டினேன். பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மானம் போயிற்று.

போதாக்குறைக்கு முன்னால் லாரி போனால் ஓட்டுகிற என் கணவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. "போலாமாடி?" என்று கேட்பார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "போங்கோ" என்றோ "இருங்கோ, பஸ் வரது" என்றோ சொல்ல வேண்டும். சம்பளமில்லாத கிளீனர் உத்தியோகம்.

அந்த வண்டி எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டுக்குக் குமாஸ்தா வேலை என்று போனார். போன இடத்தில் குமாஸ்தா வேலை இல்லை. கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றார். ஒரு வெள்ளைக்கார முதலாளிக்கு டிரைவரானார். இதைக் கடிதத்தில் எனக்கு எழுதினார். நான் அப்பாவிடம் சொன்னேன். ரயில்வேயில் கெஜட்டட் ஆபீசராக ரிடையரான என் அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "மாப்பிள்ளை டிரான்ஸ்போர்ட் மேனேஜர்" என்று எங்கள் பேட்டை விஜயநகர் முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. லீவில் வந்தபோது அவரும் மறுக்கவில்லை. அப்பா போன பிறகும் அந்த மேனேஜர் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது, தான் ஏறிவந்த வண்டியை இவருக்கே கொடுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விற்றுவிட்டு வந்திருப்பார்கள். இவர் அதைக் கப்பலில் ஏற்றி, சேர்த்து வைத்ததையெல்லாம் சுங்கத்தில் கொட்டி, மைசூருக்குக் கொண்டுவந்தார். வீட்டு காம்பவுண்டு கேட்டை இடித்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஊருக்கு வந்தபின் வேலை எதுவும் கிடைக்கவில்லை. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சாயங்காலம் கூட்டிவருவதும்தான் அவருடைய வேலை. "நிறுத்தியே வெச்சா எஞ்சின் கெட்டுப்போயிடும்" என்பார். கெடுவது எஞ்சின் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் பள்ளிக்கூடம் மண்டி மொஹல்லாவில், ஒரு சந்துக்குள். வெங்காய வண்டியை ஒருவர் ஓரம் கட்ட, துணிக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுக்க, ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே பின்னால் போக, ஊர்வலம் வருவதுபோல நான் வருவேன். வாசலில் நிற்கும் சக டீச்சர்கள், "மஹாராணி பந்த்ரு, ஜாகா பிடி!" என்று, மஹாராணி வந்தாச்சு வழிவிடுங்கள் எனக் கன்னடத்தில் சொல்லி, ஒருவருக்கொருவர் ஒதுங்கிக்கொள்வார்கள். அரண்மனை இருக்கிற ஊரில் இப்படிச் சொன்னால் எப்படி வலிக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். என் செருப்பின் வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

இந்த மஹாராணிப் பட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அவருடைய உடம்பு முழுக்க டிரைவர் இருந்தார். வண்டி நின்ற உடனே குதித்து இறங்கி, சுற்றி வந்து, எனக்குக் கதவைத் திறந்து பிடிப்பார். நான் இறங்கும்வரை பார்வையைக் கீழே வைத்திருப்பார். எங்கேயாவது காத்திருக்க நேர்ந்தால் உள்ளே உட்கார மாட்டார். பானட்டுப் பக்கம் கை கட்டிக்கொண்டு நிற்பார். காலையில் பேண்டை மடித்துவிட்டு, தோளில் மஞ்சள் துணியோடு அவர் அந்த வண்டியைத் துடைக்கிற நேர்த்தியைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

"ஏன்னா, கதவைத் திறக்காதேங்கோ. எனக்குக் கையில்லையா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

"சரி சரி" என்பார். மறுநாளும் திறப்பார்.

பள்ளிக்கூடத்தில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "எஷ்டு ப்ரீதி!" என்று பெருமூச்சு விட்டாள் கன்னட டீச்சர். அவ்வளவு பிரியமாம். அவள் புருஷன் ஸ்கூட்டரிலிருந்து இவள் இறங்குவதற்குள் கிளம்பிவிடுவானாம். நான் சிரித்து வைத்தேன்.

தெருவில் யாராவது, "மேனேஜர் சார், பையனுக்கு அங்கே ஏதாவது பாருங்களேன்" என்று வந்தால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். நான்தான் முந்திக்கொண்டு, "இப்போ அங்கே ஆளே எடுக்கறதில்லையாம்" என்று சமாளிப்பேன். என்றைக்காவது யாராவது நேருக்கு நேர் கேட்டு, குட்டு வெளிப்பட்டுவிட்டால் தெருவில் எப்படித் தலை காட்டுவது என்பதுதான் எனக்கு எப்போதும் பயம்.

ஒரே ஒரு முறை பயமில்லாமல் அதில் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகும்போது சாலை காலியாக இருந்தது. "பிடிச்சுக்கோ" என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சீட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. புளியமரங்கள் கலங்கிப் பின்னால் ஓடின. மெதுவாகப் போங்கோ என்று சொல்ல அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். கோயில் வாசலில் இறங்கி, மறுபடி கதவைத் திறந்து பிடித்தார். நான் மறுபடி முறைத்தேன்.

மூன்றாவது வீட்டு மாமா, ரயில்வேயில் கணக்குப் பார்த்து ரிடையரானவர், ஒரு நாள் காலையில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம். அன்று மாலை ஜானவாசம். மாப்பிள்ளையைக் காரில் வைத்துக் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு சத்திரத்துக்கு அழைத்துவர வேண்டும். பேசி வைத்திருந்த திறந்த கார் ரிப்பேராகி ஷெட்டில் நின்றுவிட்டதாம்.

"மேனேஜர் சார், நீங்க மனசு பண்ணணும். உங்க வண்டியிலே மேலே கதவு திறக்குமே, இல்லையா?"

திறக்கும். கூரையில் நகரும் கண்ணாடி ஒன்று உண்டு. என் கணவர் நான் வாயைத் திறப்பதற்குள் தலையாட்டிவிட்டார். அன்றைக்குப் பகல் முழுக்க வண்டியைத் துடைத்தார்.

நெரிசலில் வலது பக்கம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே, நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினேன். மாப்பிள்ளை நடு சீட்டில் ஏறி நின்று, கோட்டும் மாலையுமாக இடுப்புக்கு மேல் கூரைக்கு வெளியே தெரிந்தான். பார்த்தால் ஓட்டுக் கேட்க வந்தவன் மாதிரி இருந்தது. முன்னால் நாதஸ்வரம், இரு பக்கமும் காஸ் லைட். அவ்வளவு பெரிய எஞ்சினை அவர் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. மாப்பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டே வந்தான். வழியெல்லாம் ஜனங்கள் வண்டியைத்தான் பார்த்தார்கள். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

சத்திரத்து வாசலில் அவர் இறங்கி, மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அப்போது பெண்ணின் தாய்மாமா, பம்பாயிலிருந்து அன்றுதான் வந்தவர், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஜானவாச காரை ஓட்டினவருக்குக் கொடுக்கிற வழக்கமான மரியாதை: வேஷ்டி, துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு கவர். டிரைவரைத் தேடி அவர் நேராக என் பக்கத்துக்கு வந்து, பட்டுப்புடவையைப் பார்த்துத் திகைத்து, அந்தப் பக்கம் சுற்றிப் போனார்.

"ரொம்ப நன்னா ஓட்டினேப்பா. இந்தா, வாங்கிக்கோ. உள்ளே போய் வயிறாரச் சாப்பிடு."

என் கணவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வீட்டு மாமா ஓடி வந்தார். "ஐயையோ, என்ன காரியம் பண்றேள்! இவர் மஸ்கட்ல மேனேஜரா இருந்தவர். சொந்த வண்டி!" என்று தட்டைப் பிடித்து இழுத்தார். பம்பாய்க்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. "மாமி, நீங்க கொஞ்சம் சொல்லுங்கோ, தப்பா நெனச்சுக்க வேண்டாம்னு" என்று மாமா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். தட்டை மட்டும் விடவில்லை.

நான் வண்டியைவிட்டு இறங்கினேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

"அவர் தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார் என் கணவர். "நான் டிரைவர்தான். அங்கேயும் அதான்."

மூன்றாவது வீட்டு மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார். பம்பாய்க்காரருக்குத்தான் உயிர் வந்தது. "அதானே பார்த்தேன்! இப்படி ஓட்ட மேனேஜருக்கெல்லாம் வருமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். யாரோ மாப்பிள்ளைக்கு ஆரத்தி எங்கே என்று கத்தினார்கள். கூட்டம் உள்ளே போய்விட்டது. இத்தனை வருஷமாக நான் நடுங்கிக்கொண்டிருந்த விஷயம், ஆரத்தி கரைத்து எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

வாசலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். என் ஆத்திரம் அப்போதுதான் வெளியே வந்தது. "இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா? பேசாம இருந்திருக்கப்படாதா?"

அவர் தட்டை பானட்டின்மேல் வைத்தார். கோபம் இல்லை அவர் குரலில்.

"அந்த துரை, யார் வந்தாலும் என் தோள்ல கை போட்டு, 'இவர் என் டிரைவர்'னு சொல்லுவார். பெருமையாச் சொல்லுவார். இப்போ எல்லாரும் உன்னைப் பார்த்தாளே, நீயும் அப்படிச் சொல்லுவியோன்னு கொஞ்சம் காத்துண்டிருந்தேன்."