ஜன்னலோரத் தையல் மிஷின்

தையல்காரம்மா வீட்டில் பகலிலும் ட்யூப் லைட் எரியும். இருக்கிற ஒரே ஜன்னலைப் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மறைத்துக்கொண்டது. தையல் மிஷின் கிடந்ததோ குளியலறைக் கதவை ஒட்டி. யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து வழி விட வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டி ஓட்டிக் கண் இரண்டும் எரிச்சல் கண்டுவிட்டன. இந்த லட்சணத்தில், இவர்கள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விட்டது சனியன் என்றுதான் முதலில் அவளுக்குச் சந்தோஷம். அடுத்த வீடு எப்படி இருந்தாலும் சரி, மிஷின் பக்கத்தில் ஒரு நல்ல ஜன்னல் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும்தான் அவள் வேலை. வாய் மூடியிருக்கும், மண்டைக்குள் மட்டும் ஓயாத பேச்சு. தைக்கக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்காதவர்களோடு சண்டை, அக்காவோடு வாக்குவாதம், செத்துப்போன மாமியாரோடுகூட அவ்வப்போது ஒரு பஞ்சாயத்து. இவள் கேட்பாள், அவர்கள் பதில் சொல்வார்கள், இவள் மடக்குவாள். பெரும்பாலும் இவளுக்குத்தான் வெற்றி. மனுஷராய்ப் பிறந்த எல்லோர் தலைக்குள்ளும் இப்படித்தான் ஒரு குரல் ஓடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

புருஷன்மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கும் அதுதான் காரணம். அவர் வீடு மாற்றிக் கொடுக்கும் லாரியில் சாமான் அடுக்குகிறவர். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவர் பெயரே 'அடுக்கு'தான். வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு பீரோ முதல் விளக்குமாறு வரை எது எதன்மேல், எந்தப் பக்கமாக என்று கையை மட்டும் நீட்டிக் காட்டுவார். கடைசியில் லாரியில் ஒரு நாற்காலிக்கு இடம் இருக்கும். வீட்டில் ஒரு நாற்காலிதான் மிச்சம் இருக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் கெட்டிக்காரர் வீட்டுக்கு வந்தால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க யோசனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம ஒரு மனுஷன் எப்படிங்க சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்க முடியும்? மனசுக்குள்ள என்னமோ பேசிட்டுத்தானே இருப்பீங்க?"

"இல்லையே."

பொய். பச்சைப் பொய். கல்யாணமான நாளிலிருந்து எதையோ மூடி மூடி வைக்கிறார், என்னிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவள் பொருமாத நாள் இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். முன்னறையில் தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல். வெளிச்சம் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. இதுதான், இதுதான் என்று அவளுக்குள்ளே குரல் கூத்தாடியது. புருஷனையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் முன்னறை நடுவில் நின்றார். சுற்றிப் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றார். வாயிலிருந்து ஒரு முத்து உதிர வேண்டுமே!

"பிடிச்சிருக்காங்க?"

"ம்."

இந்த 'ம்'மை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? அவருக்குப் பிடிக்கவில்லைபோல என்று தயங்கி, "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் மனசு கேட்காமல், புதன்கிழமை காலையில் அவளே போன் பண்ணி, வருகிறோம் என்றாள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் வாத்தியார். "ஒருத்தர் மட்டும் வந்து, அப்புறம் இன்னொருத்தர் எனக்குப் பிடிக்கலைன்னு நின்ன கூத்தெல்லாம் பார்த்தாச்சு. இன்னொரு குடும்பமும் கேக்கறாங்க. நீங்க வரலைன்னா அவங்களுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை அவள் மட்டும் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றாள். புருஷனுக்குப் போன் அடித்தாள். அது லாரிக்குள் எங்கேயோ கிடந்து மணி அடித்து ஓய்ந்தது. நின்று நின்று கால் கடுத்தது. கடைசியில் இன்னொரு குடும்பம் வந்தது, புருஷனும் பெண்டாட்டியுமாக, சிரித்துக்கொண்டு. வாத்தியார் இவளைப் பார்த்துச் சங்கடப்பட்டார். ஆனாலும் சாவி கைமாறிவிட்டது.

ராத்திரி புருஷன் வழக்கம்போல வீட்டுக்கு வந்தார், வழக்கம்போலச் சட்டையைக் கழற்றினார்.

"ஏன் வரல?"

"எங்க?"

அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல ஆகிவிட்டது. "எங்கயா? வீடு போச்சுங்க! வேற ஆள் சாவி வாங்கிட்டுப் போயாச்சு!"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலையா? புதன்கிழமையே சொன்னேன். வாத்தியார் கண்டிப்பானவர், நேரத்துக்கு வந்துடுங்கன்னேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? 'நீ கவலைப்படாத, அன்னைக்கு மத்தியானத்தோட லோடு முடிஞ்சிடும், முதலாளிகிட்ட சொல்லிட்டு நேரா அங்கயே வந்துடறேன், அந்த வீடு நமக்குத்தான்'னு சொன்னீங்களா இல்லையா?"

அவர் சட்டையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். கோபமே வரவில்லை, உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

"அவ்வளவும் நானா பேசினேன்?"

பதிலடி கொடுக்க வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிட்டாள். இந்த மனுஷன் எந்தக் காலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்கிறார்? "கவலைப்படாத" என்று அவர் சொல்லி அவள் எப்போது கேட்டாள்? அதோடு, புதன்கிழமை அவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனவர், வியாழக்கிழமை ராத்திரிதான் வந்து விழுந்தார். சொன்னதும் அவள், பதில் சொன்னதும் அவள். மிஷின் ஓடிய ஓட்டத்தில் மண்டைக்குள் நடந்த பேச்சு. அவர் அவ்வளவு அன்பாகப் பேசிவிட்டாரே, நம்பாமல் என்ன செய்வாள்? வியாழன் ராத்திரி ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம் என்றுகூட நினைத்தாள். 'சொன்னதையே சொல்லாத' என்று அதற்கும் அவரே உள்ளே பதில் சொல்லிவிட்டார்.

அவமானத்தில் மிஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆனால் தோற்றுப் பழக்கமில்லையே.

"சரி, தப்பு என் பேர்லயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் அந்த வீடு பிடிக்கவே இல்லையே!"

"யார் சொன்னா? நான் எல்லாத்தையும் வச்சிட்டேன்."

"எதை? எங்க?"

"கட்டில் உள் ரூம்ல. பீரோ கதவுக்குப் பின்னாடி. உன் மிஷினை ஜன்னல் பக்கம், இடது கை பக்கமா வெளிச்சம் விழற மாதிரி."

"எப்போ வச்சீங்க?"

"அன்னைக்கு நின்னேன்ல, அப்பவே. அப்படியே கண்ணு முன்னாடி தெரிஞ்சுது."

"அப்போ உள்ள பேச்சே கிடையாதா உங்களுக்கு?"

"பேச்சு எதுக்கு? அதான் தெரியுதே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா, அங்கயே முடிச்சிருப்பேனே!"

"நீயும் பக்கத்துலதானே நின்ன," என்றார் அவர் பாவமாக. "உனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

இதற்கு மேல் யாரைத் திட்டுவது? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. கிடைத்தது ஒரு சந்துக்குள் கீழ்வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. போகும் வழியெல்லாம், "நான் இப்போ வாயைத் திறந்துதான் பேசறேன், காதுல விழுதா?" என்று கேட்டுக் கேட்டு, அவரை "விழுது" என்று சொல்ல வைத்தே கூட்டிப் போனாள். அவர் அறை நடுவில் போய் நின்றார்.

"என்ன தெரியுதுன்னு வாயால சொல்லுங்க."

"பீரோ இந்த மூலை. கட்டில் அங்க."

"மிஷின்?"

அவர் சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது இங்க வரல. வாத்தியார் வீட்டு ஜன்னல் பக்கத்துலயே இருக்கு. நகர மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கக் கிடைத்திருக்கிறது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான்?"

"நீயும் அங்கதான். மிஷின் முன்னாடி உக்காந்திருக்க. என்னைப் பார்த்து ஏதோ பேசிட்டே இருக்க."

"என்ன பேசறேன்?"

"தெரியல. அதுல சத்தம் வராது."

அவள் ட்யூப் லைட் மாட்ட எங்கே ஆணி இருக்கிறது என்று சுவரில் தேடப் போனாள்.